பத்துக்கு இரண்டு

படிவம் மூன்று பக்கம்.
மலாயில் அச்சடித்தது, ஊசி கோணலாய்க் குத்தியது.
புற்றுநோய்த் தாதியின் திறன் மதிப்பீடு:
தனக்குத் தானே மதிப்பெண், ஒன்றிலிருந்து பத்து வரை.
பணி அனுபவம்? பதினோரு வருடம் என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்,
நோயாளியின் வலியைக் கணிக்கும் ஆற்றல்.
அங்கே பேனா நின்றுவிட்டது.

பகாவில் மழைவிட்ட இரவு.
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஆலைக்குப் போகின்றன.
வார்டின் டெட்டால் வாசத்தையும் மீறி
அந்த எண்ணெய்ப் புளிப்பு.

எங்கள் லயத்தில் வலிக்குச் சொல் குறைவு.
அம்மா களைமருந்துப் பம்பை முதுகில் சுமந்தவள்,
இருபத்தாறு வருடம்.
செம்பனை முள் பாதத்தில் ஏறி, சீழ் வைத்து,
மூன்றாம் நாளும் விடியலில் பெரட்டுக்குப் போனாள்.
கேட்டால், "ஒண்ணுமில்ல, லேசாத்தான்."
அந்த லேசைக் குடித்து வளர்ந்தவள் நான்.
பொறுப்பவர் உசத்தி, கத்துகிறவர் மட்டம் என்று
யாரும் சொல்லித் தராமலே மனப்பாடம்.

அந்தப் பாடத்தின் மேல்தான் வெள்ளைச் சீருடை போட்டேன்.

முதல் வருடம். ஐந்தாம் கட்டிலில் குப்புராவ்,
கணையத்தில் கட்டி.
பத்துக்கு எத்தனை, ஐயா?
"ரெண்டு போடும்மா."
ரெண்டு போட்டேன்.
விடிய விடிய ரெண்டு போட்டேன்.
ஆறு மணிக்குப் படுக்கை மாற்றப் போனால்
பல்லில் கடித்துவைத்திருந்த தலையணை உறை
கிழிந்திருந்தது.
மூன்றாம் நாள் போய்விட்டார்.
என் சார்ட்டில் ஒரு பிழை கிடையாது.

எதிர்க் கட்டிலில் லாரி டிரைவர் ஆ கியோங்.
சக்கிட், சக்கிட் என்று வார்டே அதிரக் கத்துவான்.
பத்து என்பான், பன்னிரண்டு என்பான்.
அவனிடம் நான் மெதுவாகத்தான் நடந்து போனேன்.
மெதுவாக.
என் குதிகால் அந்த நடையை இன்னும் மறக்கவில்லை.

மார்ஃபின் அளவு பாடப்புத்தகத்தில் இருந்தது.
நடையின் வேகம் இல்லை.

இப்போது எண்ணைக் கேட்பேன், எழுதுவேன்,
அதோடு விடமாட்டேன்.
ராத்திரி எந்தப் பக்கமாப் படுத்தீங்க?
கொண்டை நீங்களே முடிஞ்சதா?
மைலோவை ஏன் பாதியில வச்சிட்டீங்க?
கேட்டுக்கொண்டே
கட்டில் கம்பியைக் கை எப்படிப் பிடித்திருக்கிறதென்று பார்ப்பேன்.

போன வாரம் சிரோன்மணி, மார்பில் ஆறாத புண்.
"ரெண்டுதான் மிஸ்ஸி, போய்ப் படுங்க."
முகம் கழுவிவைத்த தட்டு மாதிரி.
போர்வைக்கடியில் கால் பெருவிரல் மட்டும்
மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து.
டாக்டரை எழுப்பினேன், மணி இரண்டு.
திட்டிக்கொண்டே வந்தார்,
பார்த்தபின் திட்டவில்லை.
ஊசி ஏறி இருபது நிமிடத்தில்
முதலில் அந்த விரல் தூங்கியது,
அப்புறம்தான் அவள்.

எப்போதும் இப்படி வாய்ப்பதில்லை.
சிலருக்கு இரண்டு என்றால் இரண்டேதான்.
அவர்களை நச்சரித்து, மருந்தைக் கூட்டச் சொல்லி,
மகளோடு பேசியிருக்க வேண்டிய ஒரு மத்தியானத்தை
மயக்கத்தில் தள்ளியிருக்கிறேன்.
குப்புராவுக்குச் செலுத்த வேண்டியதை
வேறு யாருடைய ரத்தத்திலோ செலுத்தினேன்.
அதுவும் அனுபவம் என்ற கணக்கில்தான் சேரும்,
பதினோரு வருடத்துக்குள்.

இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுத?
இரண்டு என்று போட்டுக் கொடுத்தேன்.

மேட்ரன் நோர்ஹயாத்தி எண்ணைப் படித்த மாதிரி தெரியவில்லை.
கண்ணாடியைக் கழற்றினார்.
என் காலணியைப் பார்த்தார்,
இடது குதி மட்டும் தேய்ந்தது.
"நேற்றுப் பகலில் தூங்கினாயா?"

தூங்கினேன் மேட்ரன், நல்ல தூக்கம், என்றேன்.
மலாயில்தான் சொன்னேன்.
மலாயிலும் அது
என் அம்மாவின் குரல்.